கம்பம் சும்மா நிற்கக் கூடாது

எங்கள் அக்கா ஓட்டும் பள்ளி வேனில் தினமும் ஒரு மன்னர் பயணம் செய்கிறார். இரண்டாம் வகுப்பு. நேர்ச் சாலையில் போனால் தங்கமான பிள்ளை. வேன் ஒரு ரவுண்டானாவைச் சுற்றினால் போதும், முகம் வெளுத்து, "அக்கா, வருது" என்று அறிவிப்பார். அறிவித்தால் வந்துவிடும். சொன்ன சொல் தவறாதவர். மற்ற பிள்ளைகள் ஒன்றுகூடி அவருக்கு வாந்தி மன்னன் என்று முடிசூட்டியிருக்கிறார்கள்.

இந்த மன்னருக்காகத்தான் அக்கா கோர்ட் வரைக்கும் போனாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அவ்வளவு அழகில்லை. காரணம் சொல்லாமல் யாராவது "கூடாது" என்றால் அவளுக்குக் காது சிவந்துவிடும். சின்ன வயதில் அம்மா "சுவரில் கிறுக்காதே" என்றபோது, "சுவர் சொல்லட்டும்" என்று பதில் சொன்னவள். பெண்களை டிரைவராகப் போடும் வழக்கமில்லை என்று பள்ளிக்கூடம் சொன்னபோது, அந்த வழக்கம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று கேட்டு, மேனேஜர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பிரதான சாலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேராக ஒரு தெரு போகிறது. தெரு முனையில் ஒரு மருந்துக்கடை, அதன் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம், அதில் வட்டமான சிவப்பு போர்டு, நடுவில் வெள்ளைக் கோடு. நுழையாதே என்று அர்த்தம். நுழையாமல் போனால் ரவுண்டானா வரை போய், அதைச் சுற்றி, வேகத்தடைகளில் குதித்துக் குதித்துப் பள்ளியின் பின்பக்கமாக வந்து சேரலாம். அதாவது நாங்கள் வந்து சேரலாம். மன்னர் காலையில் சாப்பிட்டது வந்து சேராது.

முன்பு அந்த போர்டு கிடையாது. சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டியபோது வந்தது. பள்ளத்தை மூடிவிட்டுப் போனார்கள். போர்டு மட்டும் ஊருக்குத் திரும்பப் பிரியமில்லாத விருந்தாளிபோல் தங்கிவிட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, விசில் மாற்றலாகி வரும்வரை.

விசில் என்பது போக்குவரத்து சார்ஜென்ட். கையில் ஒரு பைசா வாங்காத மனிதர். அதுதான் பிரச்சினை. வாங்குகிறவரிடம் பேசிப் பார்க்கலாம். இவரிடம் பேசினால் பதிலுக்கு விசில்தான் வரும். முதல் தடவை அவர் பிடித்தபோது அக்கா போர்டைக் கவனிக்கவில்லை, அபராதம் கட்டினாள். இரண்டாவது தடவை வேன் பாதித் தெருவில் இருக்கும்போது ஞாபகம் வந்தது, அதற்கும் கட்டினாள். மூன்றாவது தடவை நான் முன் சீட்டில் இருந்தேன். என் கல்லூரி அந்தப் பக்கம்தான், ஓசிப் பயணம், பதிலுக்குப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை மடியில் வைத்திருப்பது என் கடமை.

"அக்கா, வருது" என்றார் மன்னர், ரவுண்டானாவை நினைத்த மாத்திரத்திலேயே.

ரவுண்டானாப் பக்கம் ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. அக்கா போர்டைப் பார்த்தாள். போர்டுக்குக் கீழே நின்ற விசிலைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். ஒழுங்காகக் கண்ணாடி பார்த்தாள். டிரைவிங் பள்ளியில் படம் பிடித்து வைக்கும் அளவுக்கு அழகாகத் திருப்பி, அவர் கண் முன்னாலேயே தெருவுக்குள் நுழைந்தாள்.

விசில் ஊதினார். வேன் நின்றது.

"மேடம், இது மூணாவது தடவை."

"எண்ணிக்கை கரெக்டா வெச்சிருக்கீங்க சார்."

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதே. வட்டமா, சிவப்பா. ஓரத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சும் நுழைஞ்சிருக்கீங்க."

"பின்னாடி ஒருத்தர் வாந்தி எடுக்கப் போறார். அவருக்கு ஏதாவது விலக்கு உண்டா?"

விசில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மன்னர் பச்சை நிறத்தில் தரிசனம் கொடுத்தார். விசில் ஓரடி பின்னால் நகர்ந்தார். "விலக்கு இல்ல மேடம்" என்றார், இன்னும் ஓரடி நகர்ந்து. "மூணாவதுன்னா இங்கயே கட்டிட்டுப் போக முடியாது. கோர்ட். குத்தத்தை ஒத்துக்கிட்டா மூணு மாசம் லைசென்ஸ் முடக்குவாங்க. வழக்காடித் தோத்தா ஆறு மாசம். ஒத்துக்கிட்டு வந்துடுங்க, என் பேச்சைக் கேளுங்க."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுவே அக்காவை இன்னும் கிளப்பிவிட்டது.

மூன்று மாதம் என்றாலும் ஆறு மாதம் என்றாலும் எங்களுக்கு ஒன்றுதான். பள்ளிக்கூடம் மூன்று நாள்கூடக் காத்திருக்காது. பெண்களை டிரைவராகப் போடும் வழக்கமில்லை என்று சொன்ன அதே மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், சாவி திரும்பி வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் வீட்டில் சபை கூடியது. அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். உலகத்தையே பட்டன்களாகப் பார்ப்பார்.

"பட்டனை அழுத்தினா லிஃப்ட் போகணும். போர்டைப் பாத்தா வண்டி நிக்கணும். இவ ஏன் பட்டன்கிட்ட போய் விசாரணை நடத்தறா?"

"தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?" என்றாள் அம்மா.

"மூணு மாசம் குறைஞ்சு போவேன்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய் வக்கீலு. அந்த போர்டை வைக்கறதுக்கு யாருக்கு அதிகாரம்?"

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அதுவரை என்னிடம் யாரும் ஒரு சட்டக் கேள்வி கேட்டதில்லை. தேர்வில் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அது பழிவாங்கும் நோக்கத்தோடு. அதிலும் 'சட்டத்தின் மூலங்கள்' என்ற தாள் எனக்கு அரியரில் இருந்தது. சட்டம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நான் எழுதிய விடை, எங்கிருந்தோ வந்ததாகப் பேராசிரியருக்குத் தோன்றியிருக்கிறது.

இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"சட்டம்னா ஏதோ ஒரே குழாயில வர்ற தண்ணின்னு நினைக்காதீங்க. பல குழாய். நம்ம வீட்டையே எடுத்துக்கோங்க. அப்பாதான் சட்டமன்றம்."

அப்பா அன்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா பொதுவா ஒண்ணு சொல்லியிருக்கார். 'வீட்டுல யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, எதையும் வீணாக்கக் கூடாது, மத்ததை உங்கம்மா பாத்துப்பா.' இது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்துல அம்மா விதி போடறாங்க. தட்டுல போட்டதை மிச்சம் வைக்கக் கூடாது, படுக்கற நேரத்துக்கு மேல சமையலறையில நடமாட்டம் கூடாது. அம்மா ஊருக்குப் போறப்ப ஃபிரிட்ஜை அக்கா பொறுப்புல விடறாங்க. அக்கா ஒரு சீட்டு ஒட்டறா, 'இந்த ஜூஸைத் தொடாதே'ன்னு. அது ஆணை. கீழ இருக்கறது மேல இருக்கறதை மீற முடியாது. ஃபிரிட்ஜுக்கே பூட்டுப் போட்டு என்னைப் பட்டினி போட்டா, அப்பா போட்ட சட்டத்துக்கு விரோதம், செல்லாது."

"சீட்டு ஒட்டியும் நீ குடிச்சியே" என்றாள் அக்கா.

"அது குற்றவியல். வேற தாள். அப்புறம் வழக்கம்னு ஒண்ணு இருக்கு. காலி பண்ணினவன் பாட்டிலை நிரப்பி வைக்கணும். யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாரும் செய்யறோம்."

"நீ ஒரு நாளும் செஞ்சதில்ல" என்றாள் அம்மா.

"அப்புறம் தீர்ப்பு. சண்டை வந்தா அம்மா ஒண்ணு சொல்வாங்க. அடுத்த சண்டைக்கும் அதையே சொல்லணும்."

"ரெண்டு தடவையும் உன் பக்கம்தான் சொல்வாங்க. அதை விடு. ரோட்டுக்கு வா."

"ரோட்டுலயும் இதேதான். மோட்டார் சட்டம் சட்டமன்றத்துல போட்டது. அதுக்குக் கீழ அரசாங்கம் விதி போடுது. எந்தத் தெரு ஒருவழி, எங்க நுழையக் கூடாதுன்னு முடிவு பண்றதை நகராட்சிகிட்ட விட்டிருக்கு. ஆனா நகராட்சி ஆணை போட்டு, ஊருக்கு அறிவிச்சு, அதுக்கப்புறம்தான் போர்டு வைக்கணும்."

அக்கா எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எதிர்வீட்டுக்காரர் வந்து நம்ம ஃபிரிட்ஜ்ல 'திறக்காதே'ன்னு ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனா?"

"அது வெறும் காகிதம்."

"அப்ப அந்த போர்டு?"

"பின்னாடி ஆணை இருந்தா சட்டம். இல்லைன்னா தகரம்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மகளுக்கு ஆயுதம் கொடுத்தது தன் மகன்தான் என்பதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் அக்கா முதலில் விசிலிடமே கேட்டாள், போர்டு வைத்தது யார் என்று.

"நான் போர்டைப் பாத்து வேலை செய்யறவன் மேடம். போர்டுக்கு அப்பா அம்மா யாருன்னு விசாரிக்கறவன் இல்ல."

நகராட்சியின் சாலைப் பிரிவுக்குப் போனோம். கொட்டகைக்குள் தார் டிரம்களும், கால் உடைந்த தடுப்புகளும், சுவரில் சாய்த்து வைத்த போர்டுகளும் இருந்தன. சாலை மேஸ்திரி ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா தெருவின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, அந்த போர்டா. நம்ம கைதான். நான்தான் மாட்டினேன்."

"யார் சொல்லி மாட்டினீங்க?"

"யாரு சொல்லணும்? சாக்கடை வேலைக்குக் கொண்டுபோனது. வேலை முடிஞ்சுது. திருப்பிக் கொண்டுவந்தா ஸ்டோர்கீப்பர் வாங்க மாட்டான்மா. மண்ணு ஒட்டியிருக்கும்பான், கீறல் விழுந்திருக்கும்பான். புதுசா குடு, வாங்கிக்கறேம்பான். நான் எங்க போக புதுசுக்கு? அங்க பாத்தா ஒரு கம்பம் சும்மா நிக்குது. பழைய பஸ் ஸ்டாப் கம்பம், ஸ்டாப்பை மாத்தினப்ப போர்டைக் கழட்டிட்டாங்க. கம்பம் சும்மா நின்னா ஆடிட்காரங்க கேப்பாங்க, எதுக்கு இந்தக் கம்பம்னு. பதில் சொல்ல முடியாது. போர்டு மாட்டியிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால எங்க செக்ஷன்ல ஒரே கொள்கைதான். கம்பம் சும்மா நிக்கக் கூடாது. லாரியில எது மிச்சமோ அதை மாட்டிடுவோம்."

"ஊர் பூரா இப்படியா?" என்று கேட்டேன்.

"பூரா இல்ல தம்பி" என்று அடக்கத்தோடு சொன்னார். "அங்கங்க."

அன்றிலிருந்து நான் எந்த போர்டையும் பழைய மரியாதையோடு பார்ப்பதில்லை.

"இதை கோர்ட்ல வந்து சொல்வீங்களா?" என்று அக்கா கேட்டபோது மட்டும் மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். "நான் வந்து சொன்னா, அடுத்த சும்மா நிக்கற கம்பத்துல என்னை மாட்டிடுவாங்க. பிள்ளைகுட்டிக்காரன்மா."

அவரை வற்புறுத்த அக்காவுக்கு மனமில்லை. ஆக, உண்மை தெரிந்தது, சாட்சி இல்லை. தோற்றால் ஆறு மாதம். அம்மா மறுபடி ஒத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா, மூன்று மாதத்துக்கு வேறு யாரையாவது வைத்து வேனை ஓட்டச் சொல்ல முடியுமா என்று பள்ளியில் விசாரித்துவிட்டு வந்தார். மேனேஜர் மிகவும் சந்தோஷமாகப் பேசினாராம். அதைக் கேட்டதும் அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"நான் வழக்காடத்தான் போறேன்."

போக்குவரத்து கோர்ட் என்பது ஒரு நீளமான அறை. வெளியே பெஞ்சில் ஹெல்மெட்டுகள் மடியில் பூனைக்குட்டிகள்போல் உட்கார்ந்திருந்தன. உள்ளே பெயர் கூப்பிடுவார்கள், போவார்கள், "ஒத்துக்கறேன்" என்பார்கள், வருவார்கள். பல் பிடுங்கும் ஆஸ்பத்திரிகூட இதைவிட நிதானமாக நடக்கும். நீதிபதி அம்மா தலை நிமிராமலே எழுதிக்கொண்டிருந்தார். விசில் ஒரு ஓரத்தில் விறைப்பாக நின்றார், விசில் இல்லாமல் ஏதோ உடுப்பில்லாதவர்போல் தெரிந்தார்.

"நுழையக் கூடாத தெருவுல நுழைஞ்சிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?" என்றார் நீதிபதி.

"நுழைஞ்சதை ஒத்துக்கறேன் அம்மா. குத்தத்தை ஒத்துக்கல."

பேனா நின்றது. நீதிபதி நிமிர்ந்தார்.

"போர்டு இருந்துதா?"

"இருந்துது."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு நுழைஞ்சீங்க. அப்புறம் என்ன?"

"அந்த போர்டு சட்டமான்னு கேக்கறேன் அம்மா. நகராட்சி ஆணை போட்டு அறிவிச்சாத்தான் போர்டு வைக்கலாம்னு மோட்டார் சட்டத்துலயே இருக்கு. அந்த ஆணை எங்கன்னு கேக்கறேன். எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல எதிர்வீட்டுக்காரர் வந்து திறக்காதேன்னு சீட்டு ஒட்டினா, நாங்க பட்டினி கிடக்கணுமா?"

பின்னால் ஒரு ஹெல்மெட் கீழே விழுந்தது. அரசு வக்கீல் எழுந்தார். அவருக்கு அன்று இன்னும் நிறையப் பல் பிடுங்க வேண்டியிருந்தது.

"அம்மா, இப்படி ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு போர்டுகிட்டயும் பிறப்புச் சான்றிதழ் கேட்டா ஊர் என்ன ஆகும்? போர்டு இருந்தா ஆணை இருக்கும்னுதானே எடுத்துக்கணும்?"

அது நல்ல வாதம். எனக்கே அதில் சாய்ந்துவிடலாம்போல் இருந்தது. அக்கா சாயவில்லை.

"எடுத்துக்கலாம் சார். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கறோம். நான் கேட்டுட்டேனே. கேட்டதுக்கப்புறம் காட்டணும் இல்லையா? என்னை நிறுத்தி லைசென்ஸ் எங்கன்னு சார் கேட்டார். இருக்கும்னு எடுத்துக்கோங்கன்னு நான் சொல்லலையே. எடுத்துக் காட்டினேன்."

நீதிபதி விசிலைப் பார்த்தார். "லைசென்ஸ் காட்டினாங்களா?"

"காட்டினாங்க அம்மா" என்றார் விசில். பைசா வாங்காதவர் என்று முன்பே சொன்னேன், பொய்யும் சொல்லத் தெரியாதவர்.

"அப்ப நகராட்சியும் காட்டட்டும்" என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார்.

அடுத்த விசாரணைக்கு நகராட்சியின் சாலை அதிகாரியே நேரில் வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் புத்தம் புது ஃபைல். அதிலிருந்து ஓர் ஆணையை எடுத்து மேலே நீட்டினார். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. அந்தத் தெருவில் வாகனங்கள் நுழையத் தடை என்று தெளிவாக இருந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜூஸைக் குடித்தவனைப் பார்க்கும் அதே பார்வை. மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கிக் கொடுத்த வக்கீல் என்று வீட்டில் என் படத்தை மாட்டுவார்கள். ஆணி மட்டும் பலமாக அடிப்பார்கள்.

"இவ்வளவு நாள் கழிச்சாவது கொண்டுவந்தீங்களே" என்றார் நீதிபதி.

அதிகாரிக்கு அது குறையாகப் பட்டுவிட்டது. "தாமதமே இல்ல அம்மா" என்றார் பெருமையாக. "கோர்ட் கேட்ட அன்னைக்கே கூட்டம் போட்டோம். சாதாரணமா ஒரு ஆணைக்கு மாசக்கணக்காகும். இது போன வாரமே ரெடி. எங்க ஆபீஸ் சரித்திரத்துலயே இவ்வளவு வேகமா ஒண்ணு வந்ததில்ல."

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

"போன வாரம்" என்றார் நீதிபதி.

"ஆமா அம்மா."

"இவங்க நுழைஞ்சது அதுக்கு எவ்வளவோ முன்னாடி."

"ஆமா அம்மா. அப்ப ஆணை இல்ல. அதான் இப்பப் போட்டோம்."

நீதிபதி பேனாவை எடுத்து, அன்று காலை முதல்முறையாக நிதானமாக எழுதினார். வழக்கு தள்ளுபடி. லைசென்ஸுக்கு ஒன்றும் இல்லை. எழுதி முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"கேள்வி கேட்டது சரி. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. அன்னைக்கு அது தகரம். இன்னைக்கு அது சட்டம். நாளைக்கு நுழைஞ்சீங்கன்னா நானே முடக்குவேன்."

வெளியே வந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"ஜெயிச்சுட்டோம்க்கா."

"என்னத்த ஜெயிச்சோம்? போர்டுக்கு முறைப்படி கல்யாணம் பண்ணி வெச்சுட்டு வந்திருக்கோம்."

உண்மைதான். அனாதையாக நின்ற தகரத்துக்கு அப்பா பெயர் வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். திரும்பும் வழியில் மருந்துக்கடை வாசலில் விசில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் அன்று அவர் ஊதிய விசிலில் ஒரு ராகம் இருந்தது.

அடுத்த நாள் காலை தெருமுனை நெருங்கியபோது வேனுக்குள் எல்லாரும் மன்னரையே பார்த்தார்கள். மன்னர் ரவுண்டானாவை நினைத்து ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தார். அக்கா வேகத்தைக் குறைத்தாள். விசில் போர்டுக்குக் கீழே தயாராக நின்றார்.

அக்கா நுழையவில்லை. ரவுண்டானாவுக்கும் போகவில்லை. தெருமுனையில், பிரதான சாலையிலேயே, போர்டுக்கு நேராக வேனை நிறுத்தினாள். டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினாள். வேனின் பக்கவாட்டிலிருந்து சிவப்பு நிறத்தில் 'நில்' என்று எழுதிய பலகை, கதவு திறப்பதுபோல் மெதுவாக விரிந்தது. விளக்குகள் மின்னின. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டது. அதற்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் லாரி, அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்.

விசில் ஓடி வந்தார். "என்ன மேடம் இது?"

"பிள்ளைங்க இறங்கறாங்க சார்."

"நடு ரோட்டுலயா?"

"ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன். பள்ளி வேன் இந்தப் பலகையை விரிச்சா, பிள்ளைங்க பத்திரமா போய்ச் சேர்ற வரைக்கும் பின்னாடி வர்ற எந்த வண்டியும் தாண்டக் கூடாது. வேன் பேட்ஜுக்கு எழுதின பரீட்சையில மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். மோட்டார் சட்டம் சார். விதிகூட இல்ல, சட்டம்."

"அங்க போர்டு இருக்கு மேடம்."

"வாகனங்களுக்குத்தானே? பிள்ளைங்க நடந்து போறாங்க." பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "உங்க போர்டு நகராட்சி போட்டது சார். என் போர்டு சட்டமன்றம் போட்டது. எது மேலன்னு சந்தேகம்னா என் தம்பியைக் கேளுங்க. அந்தத் தாள்ல அவன் அரியர், ஆனா இது மட்டும் தெரியும்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாட்டிலை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, நின்று கட்டினாள். ஒருவனுக்கு டிபன் பாக்ஸ் சீட்டுக்கடியில் போயிருந்தது, தேடினான். அக்கா யாரையும் அவசரப்படுத்தவில்லை. மன்னர் கடைசியாக, ஆரோக்கியமான நிறத்தில் இறங்கி, பஸ்காரருக்குக் கையசைத்துவிட்டு நடந்தார். விசிலுக்கு வேறு வழியில்லை. சட்டப்படி அவர்தான் பஸ்ஸை நிறுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து, தான் காவல் காத்த போர்டுக்கு எதிராக நின்றார்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதேதான். காலையில் ஒருமுறை, மாலையில் பிள்ளைகளை ஏற்றும்போது ஒருமுறை. வரிசை ரவுண்டானா வரை போய், அதைச் சுற்றி, தன் வாலைத் தானே பிடித்தது. ஹாரன்கள் முழங்கின. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து விசிலோடு சண்டை போட்டார். விசில் முதல்முறையாக அண்ணாந்து அந்த போர்டை முறைத்தார்.

"மேடம், நானே கேக்கறேன்" என்றார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "நீங்க அந்தத் தெருவுல போனா என் உசிரு நிம்மதியாகும். ஆனா விட முடியாது. ஆணை இருக்கு."

"விட வேண்டாம் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் வேலையைப் பாக்கறேன். ஆணை போட்டவங்க மட்டும்தான் வேலை செய்யாம இருக்காங்க."

"எழுதிப் போட்டுட்டேன் மேடம். மேலிடத்துக்கு."

அவர் எழுதியது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, வரிசை போய்ச் சேர்ந்தது. ஒரு காலையில் அதில் நான்காவது காரிலிருந்து இஸ்திரி மடிப்பு கலைந்த சட்டையோடு சாலை அதிகாரி இறங்கி நடந்து வந்தார். வேனைப் பார்த்தார். விரிந்த பலகையைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். லேஸ் கட்டிக்கொண்டிருந்த சிறுமியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அக்காவிடம்.

"லேஸ் கட்டற வரைக்கும் சார். அவசரப்படுத்தினா ரெட்டை முடிச்சு விழும். அப்புறம் அவிழ்க்க நேரமாகும்."

அவர் காருக்குத் திரும்பிப் போனார். அவருடைய அலுவலகச் சரித்திரத்தில் அதிவேகமான ஆணை எது என்ற கேள்விக்கு அந்த வாரம் விடை மாறியது. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுத் தடை விலக்கிக்கொள்ளப்படுகிறது என்று புதிய ஆணை வந்தது. ஊருக்கு முறைப்படி அறிவித்தும்விட்டார்கள். இந்தமுறை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

அடுத்த நாள் காலை அக்கா இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், திருப்பினாள். விசில் கையை நீட்டி, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பதுபோல் தெருவுக்குள் வழிகாட்டினார். அக்கா அவருக்கு ஒரு வணக்கம் வைத்தாள். மருந்துக்கடையைத் தாண்டும்போதுதான் கம்பத்தைப் பார்த்தோம்.

சிவப்பு வட்டம் போயிருந்தது. ஆனால் கம்பம் சும்மா நிற்கவில்லை. மேஸ்திரியின் லாரியில் என்ன மிச்சமிருந்ததோ அது மாட்டப்பட்டிருந்தது. முக்கோண போர்டு. நடுவில் கறுப்பாக, கொழுகொழுவென்று ஒரு மாடு. கால்நடைகள் கடக்குமிடம்.

வேனுக்குள் எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பிறகு மன்னர் ஆரம்பித்துவைக்க, அத்தனை பிள்ளைகளும் ஜன்னல்களில் தலையை நீட்டி "ம்மா" என்று கத்தினார்கள்.

"அக்கா" என்றேன். "இதுக்கு ஆணை இருக்கான்னு—"

"வாயை மூடிட்டு பாட்டிலைப் பிடி" என்று சொல்லிவிட்டு, போர்டு சொன்னபடி வேகத்தைக் குறைத்தாள்.